ஊதா மருந்து பூசிய நாய்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவாட்டர்ஸ். அந்த வருடம் ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும். மற்றவர்கள் காட்டுக்குப் போய் வௌவாலும் தவளையும் பிடித்தார்கள். என்னைக் காட்டுக்கு அனுப்ப அப்பா சம்மதிக்கவில்லை.

"அப்பிடியெண்டா உம்மட தெரு நாயை எண்ணும்" என்றார் என் விரிவுரையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர்.

தெரு நாய்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட முடியாது. எண்ணிய நாயே பின் சந்து வழியாக மறுபடி வந்து நிற்கும். அதனால் சில நாய்களுக்கு அடையாளம் போட்டுவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போய், கண்ணில் படுகிறவற்றில் எத்தனைக்கு அடையாளம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாலுக்கு ஒன்றில் இருந்தால், அடையாளம் போட்டதைப்போல நாலு மடங்கு நாய்கள் அங்கே இருக்கின்றன என்று அர்த்தம்.

ரொட்டியை டின் பாலில் நனைத்து எடுத்துப் போவேன். நாய் தின்னும்போது, புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தைப் பிரஷ்ஷில் தொட்டு முதுகில் ஒரு கோடு இழுப்பேன். முதல் நாள் இரண்டு நாய்கள்தான் கிட்டே வந்தன. மூன்றாவது வாரத்தில் என் சைக்கிள் சத்தத்துக்கே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தன. முப்பத்திரண்டு நாய்களுக்குப் பூசினேன்.

அதில் ஒன்று அடுத்த வீட்டு ஆன்டியுடையது. பிள்ளை இல்லாதவர். கணவர் ரயிலில் வேலை, பாதி நாள் வெளியூர். அந்தச் செம்பட்டை நாய்தான் துணை. அதன் கழுத்தில் லைசென்ஸ் பட்டை கிடையாது, பகலெல்லாம் ரோட்டில் கிடக்கும். ரோட்டில் கிடப்பதெல்லாம் கணக்கில் சேரும் என்று அதற்கும் பூசினேன்.

"என்னம்மா, என் புள்ளைக்குக் கோடு போட்டு வுட்டிருக்க?" என்று ஆன்டி சிரித்தார்.

ஒரு வாரம் கழித்து நாற்பது நாய்களைப் பார்த்தேன். பத்தின் முதுகில் ஊதா. ஆக மொத்தம் நூற்றி இருபத்தெட்டு. நானாகக் கண்டுபிடித்த முதல் எண். அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது விரிவுரையாளர் வேறொரு செய்தி சொன்னார். வரும் சனிக்கிழமை காலையில் எங்கள் பக்கம், பட்டை இல்லாத நாய்களைச் சுடும் மாநகராட்சி லோரி வருகிறது.

"நல்ல சந்தர்ப்பம். செத்ததை எண்ணும். அதையும் வச்சு உம்மட கணக்கைச் சரி பார்க்கலாம். ஆனா ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். சொன்னீர் எண்டா நாயை உள்ளுக்குக் கட்டிப் போடுவினம். கணக்கு பிழைச்சுப் போகும்."

"சார், பக்கத்து வீட்டு நாய் ஒண்ணும் அதுல இருக்கு."

"அதுக்கும் மார்க் போட்டனீர்தானே? அப்ப அதுவும் டேட்டாதான்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆன்டி கேட்டில் நின்றார். "நாளைக்கு ரொட்டி கொண்டு வருவியா? ஒன்னத்தான் பாத்துகிட்டே இருக்கு லா."

"வரேன் ஆன்டி" என்றேன். நாய் என் விரல்களை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விரிவுரையாளருக்குப் பயந்து சொல்லவில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். அது பொய். என் நூற்றி இருபத்தெட்டு சரிதானா என்று பார்க்க எனக்கு ஆசை.

காலையில் லோரி வந்தது. துப்பாக்கியோடு இரண்டு பேர். இன்ஜின் சத்தம் கேட்டதுமே பூசாத நாய்கள் தண்டவாளத்தைத் தாண்டி ஓடின. பூசியவை ஓடவில்லை. சுடுகிறவர் வெறுங்கையை நீட்டினார். வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தன.

முடிந்ததும் லோரியின் பின்னால் ஏறி எண்ணினேன். இருபத்து நாலு. அதில் இருபதில் ஊதா.

"ஊதா போட்டதெல்லாம் ரொம்ப நல்ல நாய்ங்க தங்கச்சி" என்றார் லோரி அண்ணன். "கூப்பிட்டா வருது. இன்னிக்கி வேலை சீக்கிரமா முடிஞ்சிருச்சி."

ஆன்டி செருப்பில்லாமல் ஓடி வந்தார். லோரிக்குள் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

நோட்டை மூடினேன்.

"கூப்பிட்டா வரச் சொல்லிக் குடுத்தது நீதான?"

நாயைக் கொடுக்கச் சொல்லி லோரி அண்ணனைக் கெஞ்சினார். "எண்ணியாச்சி அக்கா, குடுக்க முடியாது" என்று அவர் பின்கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை விரிவுரையாளர் அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டார். செத்ததில் ஆறுக்கு ஐந்தில் ஊதா, ஆக மொத்தம் முப்பத்தெட்டுதான். "நூற்றி இருபத்தெட்டு எங்க, முப்பத்தெட்டு எங்க? எங்க பிழைச்சது, சொல்லும்."

சொன்னேன். அடையாளம் போட்ட விலங்கும் போடாத விலங்கும் ஒரே மாதிரி அகப்பட வேண்டும். அப்போதுதான் இந்தக் கணக்கு நிற்கும். என் நாய்கள் மனிதர்களை நம்பப் பழகியிருந்தன. அவைதான் அதிகம் அகப்பட்டன. அதனால் மொத்தம் குறைந்து தெரிகிறது.

"வெரி குட். இதை அப்பிடியே எழுதும்."

இரண்டு பக்கம் எழுதினேன். அழுகை வரவில்லை. தடுமாறாமல் பதில் சொன்ன சந்தோஷம்தான் இருந்தது. ஆய்வுக்கு நல்ல மார்க் கிடைத்தது.

பட்டம் வாங்கிய பிறகு அவரிடமே உதவியாளராகச் சேர்ந்தேன். மறுவருடம் அதே தெருக்களை மறுபடி எண்ணச் சொன்னார். இந்த முறை மருந்தும் ரொட்டியும் இல்லை. ஒவ்வொரு நாயின் நிறத்தையும் காதையும் தூரத்தில் நின்று படமாக வரைந்துகொண்டேன்; அந்தப் படமே அடையாளம். எங்கும் குட்டிகள். சாப்பாட்டுக் கடைகளின் பின்னால் குப்பை குறையவில்லை. செத்தவை தின்றதை மிச்சமிருந்தவை தின்றன. பசியில் சாகவேண்டிய குட்டிகள் பிழைத்துக்கொண்டன. தண்டவாளத்துக்கு அப்பாலிருந்தும் சில வந்து சேர்ந்திருந்தன. குப்பை அப்படியே இருக்கும்வரை எத்தனை சுட்டாலும் எண்ணிக்கை ஏறிவிடும் என்று விரிவுரையாளருக்கு முதலிலிருந்தே தெரியும். எண்ணால் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

வரைந்துகொண்டே ஆன்டி வீட்டைத் தாண்டும்போது அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக என்னிடம் பேசாதவர், திரும்பாமலே சொன்னார்.

"எங்க வீட்ல ஒண்ணும் இல்ல. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அந்த வருட மொத்தம் நூற்றி இருபத்தாறு.