அரோராவும் அரோகராவும்

நோர்வேயில் நான்கு இரவு விறைத்துக் கிடந்து, மேகத்தைத் தவிர ஒன்றையும் பார்க்காமல் திரும்பிய குடும்பம் எங்களுடையது. அரோரா என்கிற வடக்கு வானத்து ஒளியைப் பார்த்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் மாமியாருக்கு ஒரே பதில்: "ஓம், நோர்வேயில காட்டின மாதிரித்தானே?" மழை வரும் என்றாலும் அதே, மீன் நல்ல மீன் என்றாலும் அதே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தரம் இந்த மனிசிக்கு அதைக் காட்டிவிட்டால் போதும் என்றிருந்தது.

மே மாதத்தில் ஒரு வெள்ளி இரவு, விம்பிள்டனில் இருக்கும் தோழி செய்தி அனுப்பினாள். லண்டனிலேயே தெரிகிறதாம்! எங்கள் ஸ்ட்ரெதம் வீட்டின் பின்வளவுக்கு வீட்டுச் செருப்போடு ஓடி, மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன்.

"மாமி! அரோரா! அரோரா! கெதியா வாங்கோ!"

மாமி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் எரியும் கற்பூரத் தட்டு.

"ஆருக்குப் பிள்ளை உரு வந்தது?"

அவர் காதில் விழுந்தது 'அரோகரா'. நடு இரவில் வளவில் நின்று மருமகள் அப்படிக் கத்தினால், யாருக்கோ சாமி வந்துவிட்டது என்றுதானே நினைப்பார்! நான் புல்லில் குந்திவிட்டேன், சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்னால் வந்த கணவர், "இவளுக்குத்தான் அம்மா, பாக்கத் தெரியேல்லையோ?" என்றார்.

மேலே பார்த்தால் வெளிறிய சாம்பல் தீற்றல் ஒன்றுதான். "இதுவோ? இது புகையெல்லோ," என்றார் மாமி. போனில் படமெடுத்துக் காட்டினேன். இளஞ்சிவப்பும் பச்சையும் அள்ளியது. "போன் பூசுற கலர்," என்றார்.

விடவில்லை நான். சூரியன் கக்கிய மின்துகள்களைப் பூமியின் காந்தம் துருவங்களின் பக்கம் இழுத்துவிடும், அவை காற்றில் மோதினால் ஒட்சிசன் பச்சையாகவும் உயரத்தில் சிவப்பாகவும் ஒளிரும், இன்றைக்குச் சூரியப் புயல் பெரிது, அதனால்தான் இவ்வளவு தெற்கே வந்திருக்கிறது, மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது என்று மூச்சு விடாமல் கொட்டினேன்.

"கண்ணுக்குத் தெரியாததை எப்பிடி நம்புறது?" வெள்ளி தவறாமல் கண்ணுக்குத் தெரியாதவரைக் கும்பிடுகிறவர் கேட்ட கேள்வி இது!

குசினி லைட்டை அணைத்தோம். கற்பூரமும் எரிந்து முடிந்தது. இருட்டில் கண் பழகட்டும் என்று மூவரும் அண்ணாந்து நின்றோம். பத்து நிமிடம் இருக்கும். அயல் வீட்டுக் கூரைக்கு மேலே சிவப்பு எழும்பியது, வெறுங்கண்ணுக்கே! உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து குடைக் கம்பிகளாக நாலாபக்கமும் விரிந்தது.

"ஐயோ பிள்ளை, ஆடுது! அங்க பார், ஆடுது!"

நான் துள்ளினேன். நாற்பத்தாறு வயதுப் பெண் துள்ளலாமா என்று யோசிக்கவே இல்லை. மாமி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். மற்றக் கையால் கனடாவில் இருக்கும் தங்கையை அழைத்தார்.

"எடியே, வானமெல்லாம் சிவப்படி! எனக்கு ஆர் சொன்னதோ? என்ர மருமகள்தான் காட்டினவள்."