பனிக்கு மதிப்பெண் இல்லை

சீனக் கடைக்காரர் தந்த படப் புத்தகத்தை நானும் மகளும் சேர்ந்து பார்த்தோம். முற்காலச் சீன ஓவியர்கள் தாள் முழுக்க மலையை நிறைத்திருந்தார்கள். பிற்காலத்தவர் மலையை ஒரு மூலைக்கு ஒதுக்கி, மீதியை வெறுமனே விட்டு, அந்த வெள்ளையையே பனிமூட்டமாக்கியிருந்தார்கள். மகள் பள்ளியில் எங்கள் ஊரான செமின் கிரனியேயின் மலையை அப்படித்தான் வரைந்தாள். ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டார். கேட்கப் போனேன்.

“பாதித் தாள் காலி, மதாம். உங்கள் பிள்ளை பாரெசே, சுத்தச் சோம்பேறி!”

“காலியில்லை, மிஸ். அது பனி.”

“பனிக்கெல்லாம் மார்க் போட முடியுமா?” என்று சிரித்தார்.

பகைத்துக்கொண்டால் பிள்ளைக்குத்தானே கெடுதல் என்று வீட்டுக்குத் திரும்பினேன். மாலையில் மகள் அந்த வெள்ளைப் பனி முழுக்க எங்கள் ஊர்க் கரும்புத் தோட்டத்தை வரைந்துகொண்டிருந்தாள்.

“இப்போ நான் சோம்பேறி இல்லையே, அம்மா?”

மறுநாள் காலை அந்தச் சீனப் படப் புத்தகத்தோடு, ஆசிரியைக்காகப் பள்ளி வாசலில் நின்றேன்.