நான்கு மொழிகளில் நடந்த அப்பா

என் தம்பி மனைவிக்கு எங்கள் பதிப்பகத்தில் வைத்த பெயர் படக்காரி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பாள். ஆனால் பேருந்தில் ஏறினால் போதும், எதிரில் இருப்பவரின் மூக்கையும் முழங்காலையும் வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். இரண்டு முறை சண்டை வந்து, நான்தான் நடுவில் புகுந்து, "படம் போடறவங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்று கெஞ்சியிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு நோட்டுப் புத்தக அட்டைகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவள். முதலாளி ஒரு வெளிநாட்டுக் காலண்டரைக் கொடுத்து, இதையே போடு என்பாராம். பனி மூடிய வீடு, புகைபோக்கி, குல்லா போட்ட பிள்ளைகள். ஏழு வருடம் அதையே போட்டாள். "பனிய நான் கண்ணால பாத்ததே இல்ல அண்ணி. பஞ்சு மாதிரி இருக்கும்னு நெனச்சுக்கிட்டுப் போட்டேன்" என்றாள் ஒரு நாள்.

எங்கள் ஊர்ப் புத்தகக் கடைகளிலும் அதே கதைதான். பளபளவென்று முன்வரிசையில் நிற்கும் படப் புத்தகங்கள் எல்லாம் எங்கிருந்தோ வந்தவை. எங்கள் பிள்ளைகளின் முகத்தோடு ஒரு புத்தகம் போட எனக்கும் ஆசைதான். ஆனால் வண்ணத்தில் ஆயிரம் பிரதி அடிப்பது எங்களைப் போன்ற சின்னப் பதிப்பாளர்களுக்குக் கையைக் கடிக்கிற வேலை. ஒரு புத்தகக் காட்சியில், என்னைப் போலவே புலம்பிக்கொண்டிருந்த மூன்று பேரைச் சந்தித்தேன். மூவரும் வேறு வேறு நாடு, வேறு வேறு மொழி. தேநீர் ஆற ஆறப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரே புத்தகத்தை நாலு மொழியில், ஒரே அச்சகத்தில், ஒரே சமயத்தில் அடிப்பது. காகிதத்தைச் சேர்ந்து வாங்குவது. படத்துக்குள் எழுத்தே வரக் கூடாது; அவரவர் மொழியைப் படத்தின் மேலே கறுப்பு மையில் அவரவர் ஏற்றிக்கொள்வோம். முதல் புத்தகத்தின் கதையும் படமும் எங்கள் பொறுப்பு என்றானது.

கதை சின்னது. ஒரு காலை இழந்த அப்பா இரண்டு ஊன்றுகோல்களோடு மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறார். வழியெல்லாம் அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வருகிறாள். அவ்வளவுதான். எழுதியவள் நான். அந்த அப்பா யார் என்று நான் சொல்லவும் இல்லை, படக்காரி கேட்கவும் இல்லை.

என் தம்பிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. புத்தக மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போன ஒரு காலையில் எதிரே லாரி வந்தது. மழையாக இருக்கிறது அக்கா, நாளைக்குப் போகிறேன் என்றுதான் முதலில் சொன்னான். இன்றைக்கே போ என்று விரட்டியவள் நான்.

படக்காரி ஆறு மாதம் உட்கார்ந்து பன்னிரண்டு படம் போட்டாள். தம்பியிடம் மூச்சு விடவில்லை. புத்தகமாகவே அவன் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அவன் பின்னறையில் பார்சல் கட்டிக்கொண்டிருப்பான். இவள் முன்னறையில் அவனையே வரைந்துகொண்டிருப்பாள். ஏதாவது சந்தேகம் வந்தால் பசை டப்பாவைத் தேடுகிற சாக்கில் போய் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவாள். எங்கள் பதிப்பகத்தில் பசை டப்பா அத்தனை முறை தொலைந்தது அந்த ஆறு மாதத்தில்தான்.

மற்ற மூன்று பதிப்பாளர்களில் ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர். கடல்காரர் என்போம். அவருடைய மொழியை வலமிருந்து இடமாக எழுதுவார்கள், புத்தகத்தையும் அந்தப் பக்கமிருந்தே புரட்டுவார்கள். படங்களை அப்படியே வைத்தால், இடமிருந்து வலமாக நடக்கும் அப்பாவும் மகளும் பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டி நடப்பதுபோல் ஆகிவிடும். அதனால் தன் பதிப்புக்கு மட்டும் படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அதற்கென்ன என்று நான்பாட்டுக்குச் சரி சொல்லிவிட்டேன். மூன்று நாட்டுக்காரர்களோடு கலந்து பேசத் தெரிந்த எனக்கு, நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

அச்சகத்திலிருந்து மாதிரித் தாள்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டியவள், கடல்காரரின் தாளில் நின்றுவிட்டாள்.

"அண்ணி, இது யாரு?"

"கதையில வர்ற அப்பாதான். வேற யாரு?"

"வலது கால் இல்லாம நிக்கறாரு."

விஷயத்தைச் சொன்னேன். "கண்ணாடியில பாக்கற மாதிரிதானேம்மா. எந்தக் காலுன்னு அந்த ஊர்ல யாருக்குத் தெரியப்போகுது?"

"நான் கண்ணாடியில பாக்கல அண்ணி. எட்டு மாசம் நேர்ல பாத்துக் கட்டு மாத்துனவ." குரலை உயர்த்தவில்லை. "இது அவரு இல்ல. இப்படித்தான் அடிக்கணும்னா என் படம் எதுவும் வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் வந்தது. மறுநாள் காலை அச்சு ஏற வேண்டும். கடல்காரருக்குப் போன் போட்டேன். மனிதர் தங்கமானவர். வரைந்தவர் மனம் நோகும்படி ஒரு புத்தகம் வேண்டாம், இந்த முறை நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்றார். அதிகப் பிரதி கேட்டிருந்தவரே அவர்தான். அவர் ஒதுங்கினால் காகித ஆலை கேட்கிற அளவை நாங்கள் எட்ட மாட்டோம். மற்ற இருவரும் கழன்றுகொள்வார்கள். கடைசியில் எங்கள் மொழியிலும் புத்தகம் இருக்காது. இதை எல்லாம் அவளிடம் ஒப்பித்தேன்.

"தெரியுது அண்ணி" என்றாள். கண் தளும்பி நின்றது. பிடித்த தாளை மட்டும் விடவில்லை.

எங்கள் பேச்சு பின்னறை வரை கேட்டிருக்கிறது. ஊன்றுகோல் சத்தம் வந்ததும் அவள் தாள்களை மேசைக்கு அடியில் ஒளிக்கப் பார்த்தாள். மேசையைவிடப் பெரிய தாள், எங்கே ஒளிப்பது? தம்பி அவற்றை வாங்கி அருகருகே விரித்தான். ஒன்றில் இடது கால் இல்லாத அவன். இன்னொன்றில் வலது கால் இல்லாத அவன். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நிமிரவே இல்லை.

"இவ்வளவு அழகாவா இருக்கேன்?" என்று கேட்டான்.

அவள் தரையைப் பார்த்தாள்.

அவன் கடல்காரரின் தாளைக் கையில் எடுத்தான். "எனக்கு எப்பவும் ஜோடியாத்தானே செருப்பு வாங்கறோம். இடது கால் செருப்பெல்லாம் புதுசா அப்படியே கட்டிலுக்கு அடியில கெடக்கு. அந்த ஊர்லயாவது ஒண்ணு தேயட்டுமே, விடும்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. அவன் பக்கத்தில் போய் நின்று, படத்தில் அப்பா எடுத்து வைக்கும் இடது பாதத்தைச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டினாள். குதிகால் உயர்ந்து, செருப்பின் அடிப்பக்கம் தெரிந்தது. ஓரம் கரைந்து, நடுவில் குழி விழுந்திருந்தது.

"தேஞ்சுதாங்க இருக்கு, பாருங்க" என்றாள்.

பிறகு தாளை என் பக்கம் தள்ளினாள். "அடிக்கச் சொல்லிடுங்க அண்ணி."