பனிச்சங்காய் பூசிய பலகை

எங்கள் வேலியில் நின்ற முள்முருக்கு காற்றுக்குச் சாய்ந்தபோது ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். ஐந்தாம் வகுப்போடு வீட்டில் நின்றவள் நான். வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான்.

செட்டிபாளையத்தில் எங்களுக்கு மேற்கே வாவி, கிழக்கே கடல். உடைந்த வள்ளத்துப் பலகையில் படுத்து அலையோடு கரைக்கு வருவது சிறுவயதிலிருந்தே எனக்குப் பழக்கம். அது இரும்புக் கனம், அலை தூக்கினால் முகத்தில் அடித்து நாடியை உடைக்கும். முள்முருக்கு பஞ்சு மாதிரி மிதக்கும்.

மரத்தை நிழலில் காயவிட்டு, வாச்சியால் நானே செதுக்கினேன். நீளம் நிலத்திலிருந்து என் நெஞ்சு மட்டும். முன் மூக்கை மெல்லியதாக்கி மேலே ஏந்தலாக விட்டேன். இல்லாவிட்டால் அலை முறியும்போது மண்ணில் குத்தித் தலைகீழாகப் போகவேண்டியதுதான். அடிப்பக்கத்தை உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டினேன். சுக்கான் மாதிரி ஒன்றும் அடியில் இல்லை. திரும்ப வேண்டுமென்றால் ஒரு காலைத் தண்ணீரில் இழுக்க வேண்டும். கடைசியில், வலைக்கும் வள்ளத்துக்கும் செய்வதுபோலப் பனிச்சங்காயை இடித்துப் பூசினேன். "நல்லா ஊறப் பூசு புள்ள, தண்ணி குடிக்காது" என்றார் அப்பா. பலகை கரியாய்க் கறுத்துவிட்டது. தண்ணீரில் போகும் மரத்துக்கு அதைப் பூசுவதுதான் எங்கள் வழக்கம். அந்தக் கறுப்பு வேறு கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் யோசிக்கவேயில்லை.

அப்போது சண்டைக் காலம், கடலில் வள்ளம் இறக்க ஆமி தடை போட்டிருந்தது. பலகை வள்ளமில்லையே என்று நான் போனேன். கச்சான் காற்று கரையிலிருந்து அடிக்க, அலை நிமிர்ந்து நின்று முறியும். அதில் ஏறினால் நான் கத்துவேன். வீட்டில் என் குரலே ஒருவருக்கும் கேட்காது.

கடற்கரைக் காவலரணில் நின்ற ஆமிக்காரர்களுக்குக் கறுப்பாய், தட்டையாய் ஏதோ ஒன்று தண்ணீரில் போவது தெரிந்திருக்கிறது. இயக்கத்துக்குச் சாமான் கொண்டுபோகிற ஏதோ என்று நினைத்துவிட்டார்கள். நான் கரையேறிய தடம் பார்த்து நேரே வீட்டுக்கு வந்தார்கள். பலகையையும் எடுத்தார்கள், என் அண்ணனையும் பிடித்தார்கள். செய்தது நான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அப்பாதான் சொன்னார்.

"அலையில விளையாடுற பலகை ஐயா. இந்தப் புள்ளதான் செஞ்சது."

அவர்களில் தமிழ் தெரிந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி, ஓட்டிக் காட்டு. ஓட்டினா இவன் வீட்டுக்கு. ஓட்டாட்டி இவன் எங்களோட."

அவர்களோடு போனவர்கள் திரும்பி வராத காலம் அது. கடற்கரையில் தெரு ஆம்பிளைகள் எல்லாம் கூடி நின்றார்கள். அண்ணனை மண்ணில் முழந்தாளில் இருத்தியிருந்தார்கள். தலையைத் தூக்காமல் சொன்னான்: "போ கா தங்கச்சி. கெதியாப் போ."

பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். முதல் அலையை விட்டேன், அது சரியில்லை. கரையில் என்னவோ கத்தினார்கள். அடுத்ததில் ஏறினேன். நுரைக்குள் பலகை பக்கவாட்டாய் வழுக்கியது. காலை இழுத்து நேராக்கி, ஆமிக்காரர்களின் சப்பாத்துக்குக் கிட்டவே கொண்டுவந்து நிறுத்தினேன். ஒருவன் கைதட்டினான். அறைந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அத்தனை ஆம்பிளைகளின் தோளிலும் துவாய் கிடந்தது, ஒருவனும் எடுத்துத் தரவில்லை.

தமிழ் தெரிந்தவன் பலகையைக் காலால் என் பக்கம் தள்ளினான். "கொண்டு போ." அண்ணனையும் விட்டார்கள்.

வீட்டில் நான் உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போதே கோடரிச் சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் பலகை இரண்டாய்க் கிடக்கிறது, அண்ணன் இன்னும் கொத்துகிறான்.

"ஊரே பாக்க ஈர உடுப்போட நிண்டியே, வெக்கமில்லையா? ஆமிக்கு ஆடிக் காட்டினவள் எண்டு மறுகா இயக்கத்துப் பொடியனுகள் வந்து கேட்டா நான் என்ன சொல்லுற?"

"நீதானே போகச் சொன்னாய்."

"வாய் காட்டாத!"

பயத்தில் செய்தான் என்று அப்பா பிறகு சொல்லிப் பார்த்தார். பயம் எனக்கும்தான் இருந்தது. ஆமிக்காரன் திருப்பித் தந்ததை என் கூடப்பிறந்தவன் கொத்தினான். அதற்குப் பிறகு என்னைக் கடலில் கால் வைக்க விடவில்லை.

அண்ணனுக்கும் இப்போது வயதாகிவிட்டது. போன கிழமை தன் பேரப்பிள்ளைகளுக்கு அந்த நாள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "பிடிச்சிட்டானுகள். நான் சிங்களத்தில நாலு கதை கதைச்சன், விட்டிட்டானுகள்."

நாலு கதையாம். ஐயா என்பதற்கு "மாத்தயா" என்ற சொல்லைத் தவிர அவனுக்குச் சிங்களத்தில் ஒன்றும் தெரியாது. குசினி அடுப்பை விட்டு வெளியே வந்தேன்.

"உன்னை விட்டது நான் அலையில போய்க் காட்டினதால" என்றேன்.

பிள்ளைகள் என்னைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார்கள். "ஓமா அப்பப்பா?" என்று ஒன்று கேட்டது.

அவன் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தான். அது எப்போதோ ஆறிப்போன தேத்தண்ணி.