சப்மிஷனுக்கு வந்த குளத்து மண்

நான் கல்லூரி லேபில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்த முதல் வருடமே சங்கரன்கோவிலை மழை கைவிட்டது. பி.எஸ்ஸி. விலங்கியல் இறுதியாண்டு மாணவர்கள் தாங்களே பிடித்த உயிரினங்களை ஃபார்மலின் பாட்டிலில் போட்டுப் பிராக்டிகல் பரீட்சைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பெயர் சப்மிஷன். ஏப்ரலில் எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது? சீனியர்களின் பாட்டிலை வாங்கி லேபிளை மட்டும் மாற்றி ஒட்டிவிடுவார்கள். ஒரே தவளை வருடா வருடம் பாஸாகிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டோம்.

குருவிகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த காளீஸ்வரி மட்டும் ஒரு பை மண்ணோடு வந்து நின்றாள்.

மதுரையிலிருந்து பரீட்சை நடத்த எக்ஸ்டர்னலாக வந்திருந்த பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “என்னம்மா இது?”

“எங்கூர்க் குளத்து மண்ணு சார். உள்ள முட்டை கெடக்கு. புக்குல ஃபேரி ஷ்ரிம்ப்னு போட்டிருக்கே, பொடி எறா மாதிரி, அது. தண்ணி ஊத்துனா பொரிச்சு நீந்தும்.”

“நான் மூணு நாள்தான் இங்க இருப்பேன். கிளம்புறதுக்குள்ள நீந்தலைன்னா சைபர்தான்.”

சைபர் விழுந்தால் பிராக்டிகலில் ஃபெயில். ஃபெயிலானால் பி.எட். ஆசையை மூட்டை கட்ட வேண்டியதுதான். அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பீரோவிலிருந்த பழைய பாட்டில்களைக் காட்டி, “ஏட்டி, பேசாம இதுல ஒண்ணை எடுத்து வையி” என்றேன்.

“நான் பிடிக்காததை எப்படி மிஸ் நான் பிடிச்சதும்பேன்?” என்றாள். பிடிவாதக்காரி!

கண்ணாடித் தொட்டியில் மண்ணைப் பரப்பினாள். கல்லூரிக் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்கி ஊற்றினாள். யாரும் தட்டிவிடக் கூடாதே என்று லேப் அட்டெண்டர் தொட்டியை அலமாரியில் வைத்துப் பத்திரமாகப் பூட்டினார். மறுநாள் காலை திறந்தால் கலங்கல் தண்ணீர்தான் இருந்தது. நான் மறுபடியும் பழைய பாட்டில்கள் பக்கம் திரும்பினேன். அவளோ அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, குளத்துக்குக் கதவு உண்டுமா? வெளிச்சம் படாம எப்படிப் பொரிக்கும்? ஜன்னல்கிட்ட வைங்க.”

மூன்றாம் நாள் மத்தியானம் அந்தத் தொட்டியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் துடித்தன. எக்ஸ்டர்னல் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

“சார், ரயிலுக்கு நேரமாச்சு” என்றார் அட்டெண்டர்.

“போனாப் போகுது. இத்தனை வருஷமா இதை போர்டுல வரைஞ்சுதானே காட்டியிருக்கேன்.”

காளீஸ்வரி பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள். “சார், மார்க்கு?”

“முழுசாப் போட்டாச்சும்மா. செத்த சும்மா இரு, பாத்துக்கிட்டிருக்கேன்ல!”

அவள் பி.எட். முடித்து டீச்சரானாள். எனக்கு அதில் இன்றுவரை பெருமை. இப்போது வேலைக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைகள் வெறும் மண்ணைக் கொண்டுவந்து நீட்டினாலும், சைபர் போடுமுன் தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்.