தயானந்தனின் நூறு விழுக்காடு

தயானந்தன் சாப்பாட்டு மேசையில் பீங்கான் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, மடிக்கணினியின் கேமராவை அவற்றின் பக்கம் திருப்புகிறார். "நடுவுல உள்ள தட்டு வேணும்னா என்ன செய்யணும்? யோசிங்க." யோசிக்க அவர் கொடுக்கும் நேரம், அவர் ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான். "மேல உள்ளத எடுத்தாகணும்லா. இதான் ஸ்டேக்." சமையலறை வாசலில் அவருடைய அம்மா சத்தியபாமா கரண்டியோடு நிற்கிறார். "தயா, தட்டு வேணும். மீன் ஆறுது." அவர் திரும்பாமலே கையை உயர்த்தி, போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி அம்மாவை நிறுத்துகிறார்.

கணினிக்கு ஒரு வேலையை எந்த வழியில் செய்யச் சொல்வது என்பதுதான் அவர் சொல்லித்தரும் பாடம். அல்கோரிதம் என்பார்கள். எங்கள் ஊரான ஸ்கூடாயின் கார் நெரிசலுக்கு இரண்டு சந்து தள்ளியிருக்கும் வரிசை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மெல்பர்ன் என்று பரவிக் கிடக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகத் தனி வகுப்பு எடுக்கிறார். அவருடைய இணையப் பக்கத்தில் அந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பெயர் 'தலைமை அலுவலகம்'. முகவரியும் போட்டிருக்கிறார். கிளை அலுவலகம் எங்கே என்று ஒருமுறை கேட்டேன். "ஃபியூச்சர்ல வரும்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

பக்கத்து வீடு எங்களுடையது. நான் சில வருஷம் தேசம் தேசமாகத் திரிந்துவிட்டு வந்தபோது, தெருவில் எல்லாரும் எங்கெல்லாம் போனாய் என்று கேட்டார்கள். இவர் மட்டும் எந்த வரிசையில் போனாய் என்று கேட்டார். சொன்னேன். நெற்றியைச் சுருக்கினார்.

"ஜோர்ஜியா, துருக்கி, மறுபடி ஜோர்ஜியாவா? விசிட் பண்ண இடத்தையே திரும்ப விசிட் பண்ணியிருக்க. வேஸ்ட்லா. என்கிட்ட கேட்டிருந்தா பாதி நாள்ல முடிச்சிருப்ப."

"எதை முடிச்சிருப்பேன், அண்ணே?"

"டிராவலை."

முன்பு சிங்கப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "அங்க உள்ளவங்களுக்கு பேசிக்கே வீக்" என்பார். சத்தியபாமா ஆன்ட்டியிடம் கேட்டால் வேறு பதில் வரும். "மீட்டிங்ல அடுத்தவங்களையும் பேச விடணும்னு சொன்னாங்களாம். இவனுக்கு ஒத்துவரல."

போன தைப்பூசத்தில் கோயில் நிர்வாகம், தெரியாத்தனமாக, செருப்பு வைக்கும் பொறுப்பை இவரிடம் கொடுத்தது. பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை எண் ஒட்டிய அடுக்குகளை வரிசையாக நிறுத்தினார். அவரவர் கைப்பேசி எண்ணின் கடைசி இலக்கம் எதுவோ, அந்த அடுக்கில் செருப்பை விட வேண்டும். "தேடவே வேணாம். நேரா போய் எடுத்துக்கலாம்." கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பக்கம் சீனரோ தமிழரோ, எண் வாங்கப் போனால் கடைசியில் எட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். சீனர்களுக்கு எட்டு ராசி, நான்கு சாவு; அந்த நான்கை ஓசியில் கொடுத்தாலும் யாரும் தொட மாட்டார்கள். எட்டாம் அடுக்கு மலையாகி, காவடி வரும் நேரத்தில் சரிந்தது. நான்காம் அடுக்கில் ஒரே ஒரு ஜோடி; யாரோ வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணியுடையது. வெயிலில் கொதிக்கும் தாரில் குதித்துக் குதித்து வந்த செயலாளர் மூர்த்தி, "அலமாக், தயா, என் செருப்பு எங்கய்யா?" என்றார். தயானந்தன் அசரவில்லை. "அல்கோரிதம் சரியாத்தான் இருக்கு. ஜனங்களோட நம்பர்தான் சரியில்ல."

இப்படிப்பட்டவரின் இணையப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி உண்டு: 'நூறு விழுக்காடு தேர்ச்சி'. அதில் பொய் இல்லை. அவரிடம் படித்துக்கொண்டிருப்பவர் எவரும் தேர்வில் தோற்றதில்லை. தேர்வு நெருங்கும்போது அவர் ஒரு சோதனை வைப்பார். அதில் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தேனில் குழைத்த குரல்பதிவு ஒன்று போகும். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. அடுத்த செமெஸ்டர் பாக்கலாம்." சாயங்காலத்துக்குள் அந்தப் பிள்ளையின் பெயர் குழுவில் இருக்காது. தேர்வு நாளில் அது அவருடைய மாணவர் இல்லை. இதற்கு அவர் துறையிலேயே சொல் இருக்கிறதாம், ப்ரூனிங். "விடை கிடைக்காத கிளைய முன்னாலேயே வெட்டிடணும். அப்பதான் டைம் மிச்சம்." எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பதால் அந்தக் குரல்பதிவு எனக்கு மனப்பாடம். 'நல்லதுக்கு' என்ற இடத்தில் இழுக்கும் இழுப்புகூட மாறாது.

இந்த முறை வெட்டுப்பட்ட கிளையின் பெயர் லோஷினி. அவளோடு சேர்ந்து ஓர் அம்மாவும் வருவார் என்பது அவர் கணக்கில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டு இணையம் படுத்துவிட்டது. நான் என் மடிக்கணினியோடு தலைமை அலுவலகத்தின் ஒரு மூலையில் ஒண்டியிருந்தேன். பண்டார் தெங்காரா என்ற ஊரிலிருந்து லோஷினியின் அம்மா தனலெட்சுமி வந்து வாசல் கேட்டைத் தட்டினார். தொழிற்சாலை வேலை முடிந்து நேரே வந்திருந்தார்; கழுத்தில் அட்டை இன்னும் தொங்கியது. உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார்.

"ஆபீஸ் எங்கம்மா?"

சத்தியபாமா ஆன்ட்டி மேசையைக் காட்டினார். அதன் மேல் ஊறுகாய் ஜாடி இருந்தது. தயானந்தன் எழுந்து, பெற்றோர் ஒருவரை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பதால், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மடிக்கணினியின் கேமராவையே பார்த்தார்.

"அக்கா, மெசேஜ்லயே சொன்னேனே. லோஷினி கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்."

"இதான் அவளுக்குக் கடைசி சான்ஸ், சார். இதுல விழுந்தா காலேஜ்ல பேரை எடுத்துருவாங்க. இந்த நேரத்துல என்ன ரெஸ்ட்டு?"

"அவளுக்கு பேசிக்…"

"அது வீக்குனுதானே உங்ககிட்ட விட்டேன். ஸ்ட்ராங்கா இருந்தா நீங்க எதுக்கு?"

நான் திரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"பிரஷர் குடுக்க வேணாம்னு பாக்கறேன், அக்கா."

"ரெஸ்ட் எடுத்தா பாஸாயிருவாளா?"

"அப்படிச் சொல்ல முடியாது."

"அப்ப ஃபெயிலாவா. ஆனா உங்க பேரு இல்லாம ஃபெயிலாவா. அதானே, சார்?"

எந்த மாணவரையும் ஒரு வாக்கியத்தை முடிக்க விடாதவர், இந்த வாக்கியத்தை முடியும் வரை கேட்டார். ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு, "உங்களுக்கு லாஜிக் நல்லா வருதுக்கா" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

"எனக்கு வந்து என்ன செய்ய? பிள்ளைக்கு வரணும். நான் கெஞ்ச வரல. சேத்துக்குவீங்களா இல்லையா, அத என் மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க. போன்ல உங்க குரலைக் கேட்டுட்டு அவ நேத்துலேருந்து சாப்பிடல."

"தயா" என்றார் சத்தியபாமா, உள்ளேயிருந்து. அந்த ஒரு சொல்தான்.

தயானந்தன் கடிகாரத்தைப் பார்த்தார். வகுப்பு தொடங்கும் நேரம். "சரி. இப்பவே கிளாஸுக்கு வரச் சொல்லுங்க. கடைசி வரைக்கும் இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

தனலெட்சுமி தலையை ஆட்டிவிட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். தயானந்தன் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்தார். திரையில் மாணவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொருவரையும் உள்ளே விட்டார். கடைசியாக லோஷினியின் பெயர் வந்து காத்திருந்தது. அவளையும் விட்டார்.

"சார் சேத்துக்கிட்டாரும்மா. கடைசி வரைக்கும் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. கிளாஸ் முடிஞ்சதும் எழுந்து சாப்பிடு" என்று வெளியே தனலெட்சுமி இன்னும் மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது.

தயானந்தன் ஒருமுறை ஜன்னலைப் பார்த்தார். பிறகு சுட்டியை அந்தக் கடைசிப் பெயரின் மேல் கொண்டுபோய், 'லோஷினி' என்பதை எழுத்து எழுத்தாக அழித்தார். மாணவர் பெயர் இருக்க வேண்டிய அந்த இடத்தில் 'கெஸ்ட்' என்று அடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைத் திறந்தார்.