காந்திமதிநாதனின் பக்கெட்

காந்திமதிநாதனுக்குப் பிடிக்காமல் போகும்படி கபிரியேல் எதுவும் செய்யவில்லை. உவரியில் படகு எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன், கல்யாணமான பிறகு சேரன்மகாதேவிக்கு வந்தான். மணிமுத்தாறு பக்கம் ஒரு தோட்டக்காரர் புல் வெட்ட வைத்திருந்த சின்ன டிராக்டரை இரும்பு விலைக்கு வாங்கினான். மழைக்காலம் முழுக்க அதைப் பிரித்துப் போட்டு மாட்டினான். கோடையில் அது ஓடியது. அவ்வளவுதான்.

அதுவரை ஊரில் சின்ன டிராக்டர் என்றால் காந்திமதிநாதனுடையதுதான். குடும்ப வயல் கைவிட்டுப் போன பிறகு, கோயம்புத்தூரிலிருந்து பழைய வண்டியாக எடுத்து வந்து, கிளட்ச், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றி, அதைக்கொண்டு அடுத்தவர் வயலை உழுது பிழைத்தார். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டதும் பத்தமடையிலிருந்துகூட ஆட்கள் தேடி வருவார்கள். இப்போது பாதிப் பேர் அடுத்த தெருவுக்கு, கபிரியேலிடம் போனார்கள்.

காலையில் கபிரியேல் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்கும். வாயில் பல்பொடி நுரையோடு அவர் அசையாமல் நிற்பார்.

"ஒரு சத்தத்தைப் போய் ஏன் அத்தான் மொறைக்கிய?" என்பாள் மனைவி சொர்ணாம்பாள்.

"மொறைக்கல. அவனுக்கு டைமிங் சரியில்ல."

"நல்லாத்தான ஓடுது."

"ஓடும், ஓடும்."

தொண்ணூற்றாறு பங்குனியில் கபிரியேல் டீக்கடையில் ஒரு சேதி சொன்னான். டிராக்டரின் முன்னால் மாட்டுகிற லோடர், அதே தோட்டக்காரர் கொட்டகையில் தகரத்துக்கு அடியில் கிடக்கிறதாம். இரண்டு இரும்புக் கை, ஒரு பக்கெட். மண், சாணி எதையும் அள்ளித் தூக்கும். கேட்டு வைத்திருக்கிறான். உவரிக்குப் போய் ஈஸ்டர் கழிந்து வந்ததும் எடுத்துவிடுவான்.

பழைய சாமான் வாங்குகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கேட்டு வைத்திருக்கிறேன் என்று ஒருவன் சொல்லிவிட்டால், அச்சாரம் கொடுக்காவிட்டாலும், அடுத்தவன் அதைப் பார்க்கக்கூடப் போகமாட்டான். இதற்காகக் காந்திமதிநாதனே பலரிடம் சண்டை போட்டிருக்கிறார். கபிரியேல் பஸ் ஏறிய அன்றே அவர் மணிமுத்தாறுக்குப் போய் லோடரை வாங்கி வந்தார்.

அது அவருடைய வண்டிக்குச் சேரவில்லை. கபிரியேலின் வண்டிக்கென்றே செய்தது. வண்டியோடு பொருத்துகிற தாங்கிகளைக் காஸ் வைத்து அறுத்து மாற்றி ஒட்டச் சொன்னார். அறுத்து முடிந்ததும், இனி கபிரியேலுக்கும் இது சேராது என்று தோன்றியது. வெல்டிங்காரருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்.

கபிரியேல் ஊரிலிருந்து வந்து பார்த்தான். பக்கெட்டின் விளிம்பைத் தடவினான்.

"நல்லா அமைஞ்சிருக்கு அண்ணாச்சி."

"நீரு கேட்டு வச்சது எனக்குத் தெரியாது வே."

டீக்கடையில் அவன் சொன்னபோது அவர் எதிர் பெஞ்சில்தான் இருந்தார். கபிரியேல் சிரித்தான்.

"அதுக்கென்ன. நடவு நேரம் எப்படியும் கழட்டித்தான வைப்பீங்க? முன்னால இம்புட்டுக் கனத்தோட தொழிச் சேத்துல இறங்கினா மூக்கு குத்திரும். அப்ப எனக்கு வாடகைக்குத் தாங்க. ரோட்டு வேலையில மண்ணள்ளக் கூப்பிடுதாங்க. உழவு பூரா நீங்களே பாத்துக்கிடுங்க."

"தாங்கிய அறுத்துட்டேனே."

"தகடு வச்சு ஒட்டிக்கிடலாம்."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒட்டிக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"குடுத்தா என்ன?" என்றாள் சொர்ணாம்பாள். "உழவெல்லாம் திரும்ப நமக்குத்தான வரும்."

"அவன் அதத் தூக்கிக் காட்டுததை நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

கால்வாயில் தண்ணீர் வந்தது. பத்தமடையில் அகமது மீரானின் வயல்களில் தொழி உழவு. அகமது மீரான் எந்தக் காலத்திலும் காந்திமதிநாதனைத்தான் கூப்பிடுவார். வண்டி வந்து நின்றதும் முன்பக்கத்தைப் பார்த்தார்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"வரப்பு சரிஞ்சா அள்ளிப் போடலாம்லா."

கழற்றி வீட்டில் போட்டால் கபிரியேல் வந்து கேட்பான். மாட்டியிருந்தால் கேட்க முடியாது. அதை அவர் சொல்லவில்லை.

வயலின் நடுவில் முன்சக்கரங்கள் இறங்கின. அவர் வேகம் கொடுத்தார். பின்சக்கரங்கள் சேற்றை வாரி அடித்தன. மூக்கு இன்னும் புதைந்தது. பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த கபிரியேல் கயிற்றோடு வந்தான்.

"பின்னு ரெண்டையும் தட்டி லோடரைக் கழட்டி விட்ருங்க அண்ணாச்சி. பெறவு இழுத்துரலாம்."

"ஏறும். பொறும்."

ஏறவில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடும் என்று அகமது மீரான் வரப்பிலிருந்து கத்தினார். காந்திமதிநாதன் இறங்கித் தானே பின்களைத் தட்டினார். லோடர் சேற்றில் விழுந்தது. கபிரியேல் கயிறு கட்டி இழுக்க, வண்டி மேட்டுக்கு வந்தது. கேடு ஒன்றுமில்லை.

"வந்தாச்சுல்லா, உழுங்க அண்ணாச்சி. மிச்ச வயலும் கெடக்கு" என்றார் அகமது மீரான்.

"நீங்க உழுங்க, அத நான் பைய இழுத்துப் போட்டுருதேன்" என்று கபிரியேல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு லோடரைப் பார்த்து நடந்தான்.

"தொடாதயும்."

காந்திமதிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனுக்கு முந்திச் சேற்றில் இறங்கினார். போய்ப் பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள்.

"என் ஆளு வருவான். அதுவரைக்கும் இது இங்கன கெடக்கட்டும்."

எந்த ஆள் என்று யாரும் கேட்கவில்லை. சூரியன் ஏறியது. அவருடைய வண்டி மேட்டில் சும்மா நின்றது. அகமது மீரான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கபிரியேலிடம் கையைக் காட்டினார். கபிரியேல் தன் வண்டியை எடுத்து வந்து வயலில் இறக்கினான்.

ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உழுதுகொண்டு உள்ளே வந்தான். ஒவ்வொரு சுற்றிலும் கிட்டே வந்தான். சேறு அவர் சட்டையில் தெறித்தது. இனி நெருங்க முடியாது என்ற இடத்தில் வண்டியை நிறுத்தினான்.

"அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிச்சிக்கிட்டா இதையும் முடிச்சிருவேன்."

"சுத்திப் போவும்."

கபிரியேல் சுற்றிப் போனான்.